சுடுகாட்டு மல்லியும் 25 இலைகளும்

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. பேங்கில் கணக்கு பார்க்கிறவன். கீழே இருப்பது வரலாறு, வைத்தியம் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மருந்தையும் ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஆச்சிக்கு நித்தியகல்யாணியைக் கண்டாலே ஆகாது. வாசல்ல ஒரு செடி தப்பித்தவறி முளைத்திருந்தால் வேரோடு பிடுங்கி வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. "சுடுகாட்டுப் பூவுக்கு வீட்டுக்குள்ள என்னல சோலி?" என்பாள். ஊரில் அதற்குப் பெயரே சுடுகாட்டு மல்லிதான். பட்டிப்பூ என்றும் சொல்வார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, வருஷம் முந்நூத்தி அறுபத்தைந்து நாளும் பூக்கும். யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் வேறு எந்தச் செடி அப்படிப் பிழைக்கும்? அதனால்தான் சமாதிகளைச் சுற்றி அது மட்டும் ரோஸ் கலரில் சிரித்துக்கொண்டு நிற்கும்.

ஆச்சி போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, 2009-ல், அந்தப் பூ எங்கள் வீட்டுக்குள் வேறு வழியாக வந்தது.

அக்கா பையனுக்கு அப்போது ஐந்து வயது. விட்டுவிட்டுக் காய்ச்சல், முகம் வெளிறிப்போனது, விளையாடாமலே காலில் நீல நீலமாகத் திட்டு. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். லுகேமியா. அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற லிம்போபிளாஸ்டிக் வகை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு வார்டில் கிடந்தேன். அத்தான் ஊருக்கும் சென்னைக்கும் அலைந்தார்.

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மருந்து வரும். சின்ன சலைன் பையில் கலந்து, மேலே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி. ரத்தக்குழாய் வழியாக மட்டுமே, வேறு வழியில் கொடுத்தால் மரணம் என்று அதில் போட்டிருக்கும். பிள்ளைக்கு ஏற்றுகிற பையில் 'மரணம்' என்று ஒரு வார்த்தையைப் படித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று விளக்க எனக்குத் தெரியாது. பெயர் வின்கிரிஸ்டின். "இது என்ன மருந்து சிஸ்டர்?" என்று கேட்டதற்கு அந்த நர்ஸ் சாதாரணமாக, "நித்தியகல்யாணி இருக்குல்ல சார், அதுல இருந்து எடுக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் செய்த தப்பு, அன்று ராத்திரி ஊருக்குப் போன் பேசும்போது இதைச் சொன்னது.

மூன்றாம் நாள் பெரியப்பா மஞ்சப்பையோடு வந்து இறங்கிவிட்டார். பை நிறைய நித்தியகல்யாணி இலை. "வேலியில சும்மா கெடக்கதுக்கு இம்புட்டு ரூவா வாங்குதானுவளா? கசாயம் வச்சு ரெண்டு வேள குடு. புள்ளையப் போட்டு குத்திக்கிட்டு..." அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பையனைத் தோளில் வைத்துச் சுடலைமாடன் கொடைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். அதுவுமில்லாமல் அக்காவே பாதி மனசாக இருந்தாள். ஊசி ஆரம்பித்ததிலிருந்து பையனுக்கு வயிறு இறுகிப்போய் நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. தாடை வலிக்கிறது என்று சாப்பிடாமல் அழுகிறான். பின்னால், நடக்கும்போது கால் விரல்கள் தரையில் இழுபடவும் செய்தன, செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழும். அதே மருந்து, அதே இலை, ஊசி இல்லாமல், வலி இல்லாமல் என்று யாராவது சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் ஆசை வராது?

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "டாக்டர் வேண்டாம்னு சொல்லுவாங்க பெரியப்பா" என்றேன். "அவுக அப்பிடித்தான் சொல்லுவாக" என்றார். அது ஒரு பதிலா? அதனால் தேட ஆரம்பித்தேன். ராத்திரி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது, அப்புறம் இத்தனை வருஷத்தில் அங்கங்கே படித்தது, எல்லாம் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

கதை ஆரம்பிப்பது சர்க்கரை வியாதியில்.

1921, கனடா, டொரோன்டோ. பிரெடரிக் பான்டிங் என்கிற இளம் டாக்டர் இன்சுலினைத் தேடி இறங்குகிறார். கோடை விடுமுறைக்கு ஒரு லேப், கூடமாட வேலை பார்க்க இரண்டு மாணவர்கள் என்று ஏற்பாடு. ஒருவர் சார்லஸ் பெஸ்ட். இன்னொருவர் கிளார்க் நோபிள். யார் முதலில் போவது என்று இருவரும் காசு சுண்டிப் போட்டுப் பார்த்தார்களாம். பெஸ்ட் ஜெயித்தார், போனார், திரும்பி வரவே இல்லை. வேலை அப்படிப் பிடித்துக்கொண்டது. 1923-ல் பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு. பான்டிங் தன் பங்குப் பணத்தில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார். உலகம் 'பான்டிங், பெஸ்ட்' என்று படித்தது. கிளார்க் நோபிளின் பெயரில் மட்டும்தான் நோபிள் இருந்தது, நோபல் கையில் வரவில்லை :-)

முப்பத்தொரு வருஷம் கழித்து, 1952-ல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு கவர் வருகிறது. அனுப்பியவர் அங்கே இருந்த டாக்டர் ஜான்ஸ்டன். உள்ளே 25 இலைகள். நித்தியகல்யாணி இலைகள்தான். எங்கள் ஜனங்கள் சர்க்கரை வியாதிக்கு இதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்பது சாரம். கிளார்க் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவிட்டார். தம்பி வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அது இருந்தது காலிப் என்பவரின் லேபில். இந்தக் காலிப்தான் அன்றைக்கு பான்டிங் குழுவில் இன்சுலினைச் சுத்தப்படுத்திக் கொடுத்தவர். சுற்றிச் சுற்றி சுப்பன் கொல்லையில்தான்!

இனி வருவதுதான் பெரியப்பாவுக்கான பதில்.

ராபர்ட் நோபிள் இலையைக் காய்ச்சி வடித்து எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். சர்க்கரை அளவு ஒரு புள்ளி அசையவில்லை. சர்க்கரைக்கு மருந்து என்கிற நம்பிக்கை அங்கேயே அடிபட்டுப்போயிற்று. நம்மைப் போன்ற ஆட்கள் அத்தோடு கவரைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த சோலியைப் பார்த்திருப்போம். அவர் என்ன செய்தார், அதே சாற்றை ஊசியில் ஏற்றினார். எலிகள் ஒரு வாரத்துக்குள் செத்தன. சர்க்கரை குறைந்து சாகவில்லை. உடம்பெல்லாம் சீழ்க்கட்டி வைத்து, சாதாரணமாக எலியை ஒன்றும் செய்யாத பாக்டீரியா தாக்கிச் செத்தன.

ஏன் என்று ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் காணாமல் போயிருந்தன. வெள்ளை அணுக்கள் தயாராகிற எலும்பு மஜ்ஜை வெறிச்சோடிக் கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லாத வீட்டில் கிருமி புகுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இங்கேதான் நோபிளின் மூளை வேலை செய்த விதம் எனக்குப் பிடித்தது. வெள்ளை அணுக்கள் கன்னாபின்னாவென்று பெருகுகிற வியாதி ஒன்று இருக்கிறதே, லுகேமியா, அதற்கு இது ஆகுமா? சர்க்கரை வியாதி ஆராய்ச்சி அன்றோடு புற்றுநோய் ஆராய்ச்சியாக மாறிவிட்டது. பிறகு எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்செயலான கண்டறிதல்களின் பங்கு' என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு ஓ போடலாம்.

1954-ல் சார்லஸ் பீர் என்கிற வேதியியல்காரர் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார். இலைக் கஷாயத்துக்குள் எது அந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தெடுப்பது அவர் பொறுப்பு. சொல்வது சுலபம். அந்த ஒரே செடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வேண்டியது இருப்பதோ துளியிலும் துளி. வருஷக்கணக்கில் அரித்து, சலித்து, கடைசியில் படிகமாக எடுத்தார். அதுதான் வின்பிளாஸ்டின். முதலில் வைத்த பெயர் வின்காலியூகோபிளாஸ்டின், வாயில் நுழையவில்லை என்று சுருக்கிவிட்டார்கள்.

1958-ல் நியூயார்க்கில் ஒரு அறிவியல் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, கூட்டத்தில் இருந்த எலை லில்லி கம்பெனிக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களும் அதே செடியைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கோர்டன் ஸ்வபோடா என்பவர் சாறு எடுக்க, இர்விங் ஜான்சன் என்பவர் லுகேமியா வந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. இவர்களையும் அந்தச் செடி பக்கம் இழுத்தது சர்க்கரை வியாதிப் பேச்சுத்தான். இரண்டு குழுவும் அடித்துக்கொள்ளாமல் கைகோத்தது ஒரு அதிசயம். லில்லி குழு அதே இலையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தது. அதுதான் எங்கள் பையனுக்கு ஏறிய வின்கிரிஸ்டின். அமெரிக்காவில் வின்பிளாஸ்டினுக்கு 1961-லும் வின்கிரிஸ்டினுக்கு 1963-லும் அனுமதி கிடைத்தது.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு. ஒன்றில் மெத்தில் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் ஃபார்மைல், அவ்வளவே வித்தியாசம். ஆனால் ஒன்று மஜ்ஜையை அடிக்கும், நரம்பை அவ்வளவாகத் தொடாது. மற்றொன்று மஜ்ஜையை ஓரளவு விட்டுவிட்டு நரம்பைப் பிடித்துக்கொள்ளும்.

அது என்னதான் செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் குரோமோசோம்களை நகல் எடுத்து, ஜோடி ஜோடியாக நடுவில் வரிசையாக நிறுத்தும். இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய கயிறுகள் வந்து அவற்றைப் பிடித்து ஆளுக்கொன்றாக இழுக்கும். பொங்கலுக்கு வடம் இழுக்கிற போட்டி மாதிரி. இந்தக் கயிறுகளுக்கு மைக்ரோடியூப்யூல் என்று பெயர். தயார் நிலையில் திரித்து வைத்த கயிறு கிடையாது. டியூபுலின் என்கிற புரதத்தை மணி மணியாகக் கோத்து அந்த நேரத்தில் செய்துகொள்வது, வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிடுவது. வின்கிரிஸ்டின் போய் டியூபுலின் மணியில் ஒட்டிக்கொள்கிறது. மணி கோக்க முடியாது. கயிறு இல்லை. குரோமோசோம்கள் நடுவில் வந்து நின்றுகொண்டு, பஸ் வராத ஸ்டாண்டு மாதிரி, எங்கும் போக வழியில்லாமல் நிற்கும். செல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுச் செத்துப்போகும்.

வேடிக்கை என்னவென்றால், மருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் இந்த டியூபுலினையே அடையாளம் கண்டார்கள், 1960-களின் கடைசியில். அதைக் கண்டுபிடிக்க உதவியதும் ஒரு செடிச் சரக்குத்தான், கோல்ச்சிசின். அதுவும் டியூபுலினில் ஒட்டுவதுதான். நம் மாநிலப் பூவான செங்காந்தளில், அதாவது கண்வலிக்கிழங்கில், இருக்கிற விஷம் இதே கோல்ச்சிசின்தான். கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்களைப் பற்றி நம் பக்கம் கேள்விப்படாத ஊர் கிடையாது. மனுஷனுக்கு 46 குரோமோசோம் என்று 1956-ல் சரியாக எண்ணிச் சொன்ன ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் செல்களை அந்த நடு நிலையில் நிறுத்திப் பார்க்கப் பயன்படுத்தியது அதைத்தான். புற்றுநோய்க்கு மட்டும் ஆகவில்லை. விஷத்துக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அதில் ரொம்பக் குறுகல். (டாக்ஸால் என்று பிறகு வந்த மருந்து இதற்கு நேர் எதிர். கோத்த கயிற்றைக் கழற்ற விடாது. அதற்குத் தனிப்பதிவுதான் போட வேண்டும்.)

வின்கிரிஸ்டினிலும் அந்த இடைவெளி பெரிதில்லை. அதைத்தான் எங்கள் பையன் காலில் பார்த்தோம். நரம்பு செல் பிரியாது, ஆனால் அதற்கும் இந்த மைக்ரோடியூப்யூல் வேண்டும், ரயில் தண்டவாளமாக. முதுகுத்தண்டுப் பக்கம் இருக்கிற செல்லிலிருந்து கால் விரல் வரைக்கும் ஒரே வால் மாதிரி நீண்டு கிடக்கிற நரம்பில் சரக்கு போக்குவரத்து அதன் மேல்தான். தண்டவாளம் பழுதானால் கடைசி ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி. அதனால் பாதம் தொங்கும். குடலை அசைக்கிற நரம்பும் சோர்ந்துபோவதால் மலச்சிக்கல். டாக்டர் இதை எங்களுக்கு முதலிலேயே சொல்லித்தான் இருந்தார். அந்த நிலைமையில் காதில் ஏறினால்தானே.

ஸ்டிக்கரில் போட்டிருந்த மரணமும் இதே காரணம்தான். லுகேமியா பிள்ளைகளுக்கு மூளைப் பக்கம் ஒளிந்திருக்கும் செல்களைக் கொல்ல முதுகுத்தண்டில் மெதோட்ரெக்ஸேட் என்கிற வேறொரு மருந்து போடுவார்கள். அதே நாளில் வின்கிரிஸ்டினும் இருந்து, சிரிஞ்சு மாறி இது முதுகுக்குள் போய்விட்டால் பெரும்பாலும் பிழைக்க வழியில்லை. பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதனால்தான் வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் வைக்காதீர்கள், சின்ன சலைன் பையில் கலந்து கொடுங்கள், பையை யாரும் முதுகு ஊசியில் மாட்டப்போவதில்லை என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியது. நான் அத்தனை பயந்து பார்த்த அந்தப் பை, உண்மையில் பையனைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. அது தெரிந்த அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

மெதோட்ரெக்ஸேட் என்றதும் நம்ம எல்லாப்ரகட சுப்பாராவைச் சொல்லாமல் போனால் பாவம். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கே ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1922-ல் அமெரிக்கா போனவர். லெடர்லி லேபில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் ஆசிட் மாதிரியே வேஷம் போட்டு செல்லை ஏமாற்றுகிற மருந்துகளைச் செய்தது. ஃபோலிக் ஆசிட் கிடைக்காத செல் டிஎன்ஏ நகல் எடுக்க முடியாது, நகல் எடுக்காமல் பிரிய முடியாது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றான அமினாப்டெரினை லுகேமியா வந்த 16 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அந்தக் கட்டுரை வந்தது 1948 ஜூனில். சுப்பாராவ் இறந்தது அதே வருஷம் ஆகஸ்டில், 53 வயதில். மெதோட்ரெக்ஸேட் அதே குடும்பத்துப் பிள்ளை.

ஆனால் அடங்கிய நோய் சில மாதத்தில் திரும்பி வந்தது. ஒரே மருந்தாகக் கொடுத்தால் எல்லாமே அப்படித்தான், வின்கிரிஸ்டினும்தான். வழி காட்டியவர்கள் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இருந்த எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்கிற இரண்டு எமில்கள். 1960-களின் ஆரம்பத்தில் நாலு மருந்தை ஒன்றாகக் கொடுத்தார்கள்: வின்கிரிஸ்டின், மெதோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன். நாலும் நாலு இடத்தில் செல்லை அடிக்கும். நாலின் பக்க விளைவும் ஒரே இடத்தில் குவியாது. வின்கிரிஸ்டின் மஜ்ஜையை ஓரளவு விட்டுவைக்கும் என்றேனே, அந்தக் குணம் இங்கேதான் பலித்தது. பிள்ளைகளைச் சித்திரவதை செய்கிறீர்கள் என்று சக டாக்டர்களே சண்டைக்கு வந்தார்கள். 1962-ல் மெம்ஃபிஸில் தொடங்கிய செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் டொனால்ட் பிங்கெல் இதோடு மூளைப் பக்கத்துக்கும் வைத்தியம் சேர்த்து, அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் பாதிப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார். அதற்கு முன்னால் இந்த வியாதி வந்தால் மாதக்கணக்குத்தான். இன்றைக்குப் பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். மருந்துகளின் பட்டியல் நீண்டிருக்கிறது, ஆனால் வின்கிரிஸ்டினை இன்னும் யாரும் அதிலிருந்து எடுக்கவில்லை.

சரி, மஞ்சப்பைக்கு வருவோம்.

பெரியப்பாவுக்கு எலிக் கதையைச் சொன்னேன். வாயில் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை, ஊசியில் ஏற்றியபோது எலி செத்தது, இரண்டுமே நமக்கு வேண்டாம் என்றேன். அசையவில்லை. "எலியும் மனுசனும் ஒண்ணாடா?" அப்புறம் என் தொழில் புத்தியைக் காட்டினேன். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நேரடியாக இலையிலிருந்தே எடுப்பதானால் ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2000 கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்படியானால் ஒரு மில்லிகிராமுக்கு 2 கிலோ. பையனுக்கு ஒரு தடவை ஏறுவது ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. "பெரியப்பா, நீங்க கொண்டாந்த பச்ச இலை அரைக்கிலோ. காஞ்சா கையளவு. ஒரு ஊசிக்கு ரெண்டு கிலோவுக்கு மேல காஞ்ச இலை வேணும். அதக் காய்ச்சினா கூடவே நூறு வேற சரக்கும் இறங்கும். அதுல எது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?"

இது அவருக்குப் பிடித்தது. வாழ்நாள் பூரா எடைக்கல்லோடு கமிஷன் கடை நடத்தியவர். கணக்கைத் திரும்ப ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தார். "அப்போ சரக்கு அதுல இருக்கத்தான் செய்யுது, என்ன?" என்றார். "இருக்கு பெரியப்பா." "அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனவர், இலையை ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் போட மனசில்லாமல் ஊருக்கே கொண்டுபோய்விட்டதாக அத்தான் பிறகு சொன்னார்.

அவர் சொன்னதும் நியாயம்தானே. ஜமைக்காவில் அந்தக் கஷாயத்தை யாரோ குடித்திருக்காவிட்டால் கவரும் இல்லை, 25 இலையும் இல்லை. செடியின் தாய்நாடு மடகாஸ்கர். அங்கே ஒரு பைசா போகவில்லை என்கிற வழக்கும் நியாயமானதுதான். ஆனால் லின்னேயஸ் 1759-ல் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே அது கடல் தாண்டிவிட்டது. ஜமைக்கா பாட்டி, பிலிப்பைன்ஸ் பாட்டி, நம்ம ஊர்ப் பாட்டி எல்லாரும் சொந்தம் கொண்டாடலாம் (எங்க ஆச்சியைத் தவிர).

பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தையின் வீட்டாருக்கும் இதே மாதிரி ஒரு யோசனை யாரோ சொல்லியிருந்தார்கள், வேறு ஏதோ ஒரு மூலிகை. மூன்றாவது வாரம் வந்தார்கள். நாலாவது வாரம் வரவில்லை. அக்கா அவர்கள் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். அடித்துப் பார்த்தோம், எடுக்கவில்லை. அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு நான் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கலாம். அப்போது எனக்கே அது தெரியாது. பெரியப்பாவுக்குப் பேப்பரை எடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

2019-ல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தட்டுப்பாடு வந்தது. தயாரித்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று நிறுத்திவிட, இன்னொன்றால் ஈடுகட்ட முடியவில்லை. பிள்ளைகளுக்கு டோஸைத் தள்ளிப்போடும் நிலைமை. அறுபது வயதான மருந்து, லாபம் கம்மி, யாருக்கும் அக்கறை இல்லை. 2022-ல் ஜே கீஸ்லிங் குழுவினர் ஈஸ்டுக்குள் நித்தியகல்யாணியின் மரபணுக்களை ஏற்றி, இட்லி மாவு புளிக்க வைப்பது போல வளர்த்து, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு பாதிகளையும் ஈஸ்டிடமே வாங்கிவிட்டார்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வரும்வரை இலைதான் கதி.

அந்த இலை எங்கிருந்து போகிறது என்று போன வருஷம்தான் கண்ணால் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனோம். அக்கா பையனும் கூட. (21 வயது, என்னைவிட உயரம். கால் விரல்கள் சரியாக ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. இப்போது பந்து விளையாடுகிறான்.) தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஒரு வயல் முழுக்க ரோஸ் கலர். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இத எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"மருந்துக்குத்தான். இலைக்கு ஒரு வெல, வேருக்கு ஒரு வெல. வேரு பிரஷருக்காம்."

"இலை?"

"வெளிநாட்டுக்குப் போவுதுன்னு சொல்லுதாவ. ஏதோ பெரிய சீக்காம். எனக்கென்ன தெரியும் தம்பி, மழ இல்லாட்டியும் நிக்கும், ஆடு கடிக்காது, அதான் போட்டேன்."

பையன் காரை விட்டு இறங்கி வந்து, என்ன மாமா இவ்வளவு நேரம், பந்திக்கு லேட்டாகுது என்றான். அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.